ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிழிசல்"னு போட்டிருக்கா? பயப்படறதுக்கு முன்னாடி இதை வாசிச்சிருங்க

1/
தோள் வலி, குதிகால் வலின்னு ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டை வீட்டிலேயே வாசிச்சு, ராத்திரி தூக்கமில்லாம மறுநாள் காலை ஓ.பி.யில் முதல் ஆளா வந்து நிக்கறவங்க இப்ப ரொம்ப அதிகம். ரிப்போர்ட்ல இருக்கிற ஒரே ஒரு வார்த்தைதான் அவங்களைப் படுத்தி எடுக்குது. "டியர்". அதாவது கிழிசல்.

வயசாகும்போது நம்ம தசைநாண்கள் எப்படி மாறுது, அல்ட்ராசவுண்ட் அதை எப்படி அளக்குது, அந்த அளவை வெச்சு எப்ப பயப்படணும், எப்ப பயப்படத் தேவையில்லை என்பதை ஒரே இழையில் சொல்லிடறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா வாசிங்க.

2/
முதல்ல ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துடுவோம்.

நம்ம ஊர்ல "நரம்பு"ன்னு ஒரே வார்த்தையில மூணு பொருளைச் சொல்றோம். உணர்ச்சியையும் மூளையோட கட்டளையையும் கடத்துற நரம்பு ஒண்ணு. "கையில நரம்பே கிடைக்கலை"ன்னு ஊசி போடும்போது சிஸ்டர் சொல்றாங்களே, அது ரத்தக்குழாய். மூணாவது, தசையை எலும்போட கட்டி வெச்சிருக்கிற கயிறு. இதுதான் தசைநாண். ஆங்கிலத்தில் டெண்டன்.

குதிகாலுக்கு மேல, பின்பக்கம் ரெண்டு விரலால பிடிச்சுப் பாருங்க. கட்டியா ஒரு கயிறு மாதிரி சிக்கும். அக்கிலிஸ் நாண் அதுதான். உடம்பிலேயே தடிமனான, வலுவான தசைநாண்.

"நரம்பு கிழிஞ்சு போச்சாம் டாக்டரே"ன்னு அழறவங்கள்ல பலரும், கை கால் விளங்காமப் போயிடும்னு நினைச்சுத்தான் அழறாங்க. கிழிஞ்சது நரம்பு இல்ல, நாண்னு சொன்னதுமே பாதிப் பயம் போயிடும்.

3/
கயிறு திரிக்கறதைப் பார்த்தவங்க நம்ம மாவட்டத்துல நிறைய பேர் இருப்பீங்க. தென்னை நாரை எடுத்து இழையாக்கி, இழையைப் புரியாக்கி, புரியை முறுக்கிக் கயிறாக்குவாங்க. தசைநாணும் ஏறக்குறைய இதே கட்டமைப்புதான். நாருக்குப் பதிலா கொலாஜன் என்ற புரதம். நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கட்டு, கட்டுகள் சேர்ந்து நாண். அக்கிலிஸ் நாண் கீழே இறங்கும்போது நிஜமாகவே முறுக்கிக்கிட்டுதான் இறங்குது.

பழைய கயிறைப் பார்த்திருப்பீங்க. ஒண்ணு ரெண்டு புரி பிரிஞ்சு நிக்கும், நடுவில கொஞ்சம் உப்பியிருக்கும். ஆனாலும் தண்ணி இறைக்கும், மாட்டைக் கட்டும். வயசான நாணும் இப்படித்தான். இந்த உவமையை மனசுல வெச்சுக்குங்க, கடைசி வரை உதவும்.

4/
அல்ட்ராசவுண்ட்னா கர்ப்பிணிகளுக்கு வயித்தில பாக்கறதுன்னுதான் பலருக்கும் தெரியும். அதே தத்துவம்தான் இங்கேயும். நம்ம காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியைப் படமா மாத்துறாங்க.

வயிற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் போதும், ஏன்னா ஒலி ஆழமாப் போகணும். தசைநாண் தோலுக்குக் கீழேயே இருக்கு. ஆழம் தேவையில்ல, நுணுக்கம்தான் தேவை. அதனால 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ், சில கருவிகளில் அதுக்கும் மேல. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விஷயங்கள் கூட தெரியும்.

நல்ல நாண் படத்தில் எப்படி இருக்கும்? வெள்ளை வெள்ளையா, நெருக்கமா, ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடுற கோடுகள். சீவி வெச்ச தலைமுடி மாதிரி. வயசான அல்லது தேய்ஞ்ச நாணில் அந்தக் கோடுகள் கலைஞ்சிருக்கும், இடையிடையே கருப்புத் திட்டுகள் இருக்கும்.

5/
இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. ப்ரோப் நாணுக்கு நேர் செங்குத்தா இருக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் ஒலி வேற திசையில தெறிச்சுப் போயிடும். அப்ப நல்ல நாண்கூட படத்தில் கருப்பாத் தெரியும், கிழிஞ்ச மாதிரியே!

அதனால இந்த ஸ்கேன், எடுக்கறவரோட கையையும் கண்ணையும் ரொம்பவே சார்ந்தது. அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் ப்ரோப்பை ஆட்டி அசைச்சு, உங்களைக் கையைத் தூக்கச் சொல்லி, முதுகுக்குப் பின்னால கொண்டுபோகச் சொல்லிப் பார்ப்பார். நல்லா இருக்கிற பக்கத்தோட ஒப்பிட்டும் பார்ப்பார். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள அசையாமப் படுக்கணும். அல்ட்ராசவுண்டில் மூட்டு அசையும்போதே பார்க்கலாம். கதிர்வீச்சு கிடையாது. செலவும் குறைவு.

6/
"அப்ப ஏன் டாக்டர் நீங்களே ஓ.பி.யில வெச்சுப் பாக்கறதில்ல?"ன்னு சிலர் கேப்பாங்க.

காரணம் இருக்கு. கருவில் ஆணா பெண்ணான்னு பார்த்துப் பெண் சிசுவைக் கலைக்கறதைத் தடுக்க 1994-ல் ஒரு சட்டம் வந்துச்சு. 2003-ல் அதை இன்னும் இறுக்கினாங்க. அதன்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செஞ்ச இடத்தில் இருக்கணும், தகுதி பெற்றவர்தான் கையாளணும். தோளைப் பார்க்கற கருவிக்கும் இதே கட்டுப்பாடுதான். நம்ம நாட்டில் இந்தச் சட்டம் தேவைப்பட்டதுக்கான காரணம் எல்லாருக்கும் தெரியும். அதனால நான் கையால பரிசோதிச்சு, தேவைப்பட்டா ஸ்கேனுக்கு அனுப்பறேன். ரேடியாலஜிஸ்ட் பார்த்து எழுதறார். அந்த எழுத்தை நோயாளியோட சேர்த்து வாசிக்கறது என் வேலை.

7/
சரி, எதை அளக்கறாங்க? முதல் அளவு, தடிமன்.

பெரியவங்களுக்கு அக்கிலிஸ் நாண் பொதுவா 4 முதல் 6 மி.மீ. தடிமன் இருக்கும். வயசாக ஆக கொஞ்சம் தடிக்கும். தேய்மானம் வந்தா இன்னும் தடிக்கும். சர்க்கரை நோயிலும் தடிக்கும், ஏன்னா பல வருஷமா ரத்தத்தில் கூடுதலா இருக்கிற சர்க்கரை கொலாஜன் இழைகளோட ஒட்டிக்கிட்டு அவற்றை ஒண்ணோட ஒண்ணு பிணைச்சிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 30, 40 வயசிலேயே ரெண்டு குதிகால் நாணும் முண்டு முண்டாத் தடிச்சிருந்தா, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவை உடனே பாருங்க. பரம்பரையா வர்ற அதிகக் கொலஸ்ட்ரால் நோயில் கொழுப்பு நாணில் போய்ப் படியும். காலில் தெரியும் அந்தத் தடிப்பு, இதயத்துக்கு வரப்போற ஆபத்தை முன்கூட்டியே சொல்லும்.

8/
ரெண்டாவது அளவு, நீட்சி. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஒருத்தரை உட்கார வெச்சு, அசையாத ஒரு மிதிகட்டையை முழு பலத்தோட அழுத்தச் சொல்வாங்க. எவ்வளவு விசைன்னு ஒரு கருவி சொல்லும். அதே நேரத்தில் ப்ரோப், நாண் எத்தனை மில்லிமீட்டர் நீளுதுன்னு பார்க்கும். இவ்வளவு விசைக்கு இவ்வளவு நீட்சின்னு கணக்குப் போட்டா, நாணோட விறைப்பு கிடைக்கும். கத்தி இல்ல, ஊசி இல்ல.

2012-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் சராசரி 24 வயது இளைஞர்களையும் 75 வயது முதியவர்களையும் இப்படி அளந்து ஒப்பிட்டாங்க. முதியவர்களோட அக்கிலிஸ் நாண் குறுக்குவெட்டில் 16 சதவீதம் பெருசா இருந்தது. ஆனா விறைப்பு 17 சதவீதம் குறைவு. அதாவது கயிறு தடிச்சிருக்கு, ஆனா தொய்ஞ்சிருக்கு.

9/
"என்ன டாக்டர், வயசானா உடம்பு விறைச்சுத்தானே போகுது? நீங்க தொய்வுங்கறீங்க?"

நியாயமான கேள்வி. காலையில எழுந்ததும் உடம்பு விறைச்ச மாதிரி இருக்கறதுக்கு மூட்டு, மூட்டைச் சுத்தியிருக்கிற உறை, தசை எல்லாம் காரணம். நாணோட கதை வேற.

கிணத்துல வாளி இறைக்கும்போது கயிறு தொய்வா இருந்தா என்ன ஆகும்? முதல் இழுப்பு தொய்வை எடுக்கவே போயிடும். அதுக்கப்புறம்தான் வாளி அசையும். வயசானவங்க காலிலும் இதேதான். தசை சுருங்கினாலும் அந்த விசை எலும்பைப் போய்ச் சேர ஒரு கணம் கூடுதலா ஆகும்.

கல்லு தடுக்கி முன்னால சாயும்போது அந்த ஒரு கணம்தான் உயிர். சின்னப் பிள்ளை சட்டுனு காலை எடுத்து வெச்சுத் தப்பிச்சுடும். பாட்டாவுக்கு அது முடியாம விழுந்து இடுப்பெலும்பு உடையும். தசை மெலிவு, கண் பார்வை, மாத்திரைகள்னு வேற காரணங்களும் உண்டு. நாணும் அதுல ஒரு பங்காளி.

10/
மூணாவது அளவு, எலாஸ்டோகிராஃபி. கருவி ஒரு ஒலித் தள்ளு கொடுக்கும். அந்தத் தள்ளால நாணுக்குள்ள ஒரு சின்ன அலை பக்கவாட்டில் பரவும். குளத்துல கல்லெறிஞ்சா வளையம் பரவற மாதிரி. விறைப்பான பொருளில் அலை வேகமா ஓடும், தொய்ஞ்சதில் மெதுவா ஓடும். அந்த வேகத்தைக் கணக்குப் போட்டுத் திரையில கலர் கலராக் காட்டும்.

கல்லீரல் நோய்க்கு இந்த முறை இப்ப நல்லாவே பயன்படுது. தசைநாண் ரொம்ப விறைப்பான பொருள்ங்கறதால சில கருவிகளோட அளவு எல்லைக்கே போய் முட்டிடும். அதனால நாண்களைப் பொறுத்தவரை இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து விஷயம்தான். யாராவது இதுக்காகத் தனியா காசு கட்டச் சொன்னா, "இதனால என் வைத்தியம் எப்படி மாறும்?"னு கேளுங்க.

11/
இப்ப ஒரு ஆச்சரியமான தகவல்.

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டுகளை வெடிச்சுச் சோதிச்சாங்க. அதனால காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனோட அளவு எகிறிப்போய், பிறகு வருஷா வருஷம் குறைஞ்சுது. அது பயிர் வழியா, சாப்பாடு வழியா எல்லார் உடம்பிலும் சேர்ந்துச்சு. உடம்பில் ஒரு திசு எந்த வருஷம் உருவாச்சுன்னு இதை வெச்சே கண்டுபிடிக்கலாம்.

டென்மார்க் விஞ்ஞானிகள் 2013-ல் அக்கிலிஸ் நாணோட உள்பகுதியில் இதை அளந்தாங்க. ஏறக்குறைய 17 வயசு வரைக்கும் உருவானதுதான் அங்கே இருந்தது. அதுக்கப்புறம் புதுப்பிக்கப்படவே இல்லைன்னு சொல்லலாம். தோல் மாறும், ரத்தம் மாறும். எழுபது வயசு பாட்டாவோட குதிகாலுக்குள்ள இருக்கிற கட்டு, அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் நெய்தது. ஐம்பது அறுபது வருஷம் உழைச்ச கயிறு. அதுல நாலு புரி பிரிஞ்சிருந்தா ஆச்சரியம் என்ன?

12/
அப்படின்னா வலியே இல்லாதவங்க தோளை ஸ்கேன் பண்ணிப் பார்த்தா?

பார்த்திருக்காங்க. 1999-ல் வெளியான ஆய்வு அது. தோள் வலியே இல்லாத 411 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தாங்க. தோளைச் சுழற்றுற நாண்களில் கிழிசல் இருந்தவங்க:

50 முதல் 59 வயது: 13 சதவீதம்
60 முதல் 69: 20 சதவீதம்
70 முதல் 79: 31 சதவீதம்
80-க்கு மேல்: 51 சதவீதம்

திரும்பவும் சொல்றேன், இவங்க யாருக்குமே வலி கிடையாது. எண்பது தாண்டினவங்கள்ல பாதிப் பேர் தோளுக்குள்ள கிழிசலோட, அது தெரியாமலே வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. தலை நரைக்கற மாதிரி இதுவும். நரைச்ச முடிக்கு ரிப்போர்ட் கொடுத்தா அதையும் பார்த்து பயப்படுவோமோ என்னவோ!

13/
இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு மனுஷனைப் பார்த்ததால.

குலசேகரம் பக்கம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வயசு அறுபதைத் தாண்டிருச்சு. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திச் சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு 300 மரம் வெட்டின கை. வலது தோள்ல வலி வந்து, வெளியில ஸ்கேன் எடுத்திருக்கார். "பகுதிக் கிழிசல், தேய்மானம்"னு ரிப்போர்ட்.

அவர் என்கிட்ட வந்தப்ப கை துண்டில் தொட்டில் கட்டித் தொங்கிக்கிட்டு இருந்தது. ரெண்டு மாசமா அப்படியேதான்.

"கையை அனக்காண்டாம், அனக்கினா முழுசும் அறுந்து போகும்னு சொன்னாவ டாக்டரே"ன்னார். யார் சொன்னான்னு நான் கேட்டுக்கல. கூட வந்த அவர் மனைவிதான் இப்ப சட்டை போட்டு விடறாங்க, சோறு பிசைஞ்சு கொடுக்கறாங்க. வருமானம் நின்னு போச்சு. ஆபரேஷனுக்குன்னு மகளோட நகையை அடகு வெக்கறதுக்குப் பேச்சு நடக்குது.

14/
துண்டை அவிழ்த்து, நானே பைய கையைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல போகலை. அசைக்காமலே வெச்சதுல தோள் இறுகிப் போயிருந்தது. போதாக்குறைக்கு சர்க்கரையும் உண்டு. சர்க்கரை உள்ளவங்களுக்குத் தோள் இறுகற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம்.

ரேடியாலஜிஸ்ட்கிட்ட ரெண்டு தோளையும் பார்க்கச் சொல்லி எழுதி அனுப்பினேன். ரிப்போர்ட் வந்துச்சு. வலதில் கிழிசல் இருக்கு. இடதிலும் இருக்கு, அதே அளவில்.

"இடது தோள்ல என்னைக்காவது வலி உண்டா?"

"இல்லியே டாக்டரே. அந்தக் கையாலதானே இப்ப எல்லா வேலையும் செய்யேன்."

அவ்வளவுதான். விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு. இடது தோளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "அப்போ நகையை வைக்காண்டாம் இல்லியா?"ன்னு கேட்டாங்க.

வைக்காண்டாம். இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பினோம், சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வந்தோம். மாசக்கணக்கில் ஆச்சு. இப்ப குளிச்சுட்டுத் தானே தலை துவட்டறார். மரத்துக்கும் போறார், முன்னளவு இல்ல. மீதி மரத்தை மகன் வெட்டறான்.

15/
அவர் தோளைக் கெடுத்ததில் கிழிசலுக்கு இருந்த பங்கை விட அந்தத் துண்டுக்கு இருந்த பங்கு பெருசு.

இதுக்கு நேர் எதிரான ஆய்வு ஒண்ணு இங்கிலாந்தில் 2003-ல் வந்துச்சு. சராசரி வயது 74. வாரம் மூணு நாள், 14 வாரம், காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. பயிற்சிக்கு முன்னும் பின்னும் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற நாணை அல்ட்ராசவுண்டில் அளந்தாங்க. விறைப்பு 65 சதவீதம் கூடியிருந்தது! தசை விசையை எழுப்பற வேகமும் 27 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செஞ்சவங்க 9 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனா அதன் பிறகு வந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுது.

உள்கட்டு பழசாவே இருந்தாலும் நாணில் இருக்கிற செல்கள் உயிரோடதான் இருக்கு. இழுத்தா பதில் கொடுக்கும். 74 வயசிலும் கொடுக்கும். சும்மா விட்டா அதுக்கும் பதில் கொடுக்கும், தொய்ஞ்சு காட்டி.

16/
2011 கணக்கெடுப்பில் நம்ம நாட்டில் 60 வயசைத் தாண்டினவங்க 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4, பக்கத்துக் கேரளாவில் 12.6. இப்ப இன்னும் கூடியிருக்கும். பிள்ளைகள் வளைகுடாவிலயும் பெங்களூர்லயும் இருக்க, வீட்டுல ரெண்டு வயசானவங்க மட்டும் இருக்கிற குடும்பங்கள் நம்ம மாவட்டத்துல தெருவுக்குத் தெரு உண்டு. அவங்க விழாம நடமாடறதுதான் அந்த வீட்டோட ஆரோக்கியம். ஜிம் வேண்டாம், இது போதும்:

• நாற்காலியில் இருந்து கையை ஊனாம எழுந்து, பைய உட்காருங்க. 10 தடவை.
• அடுக்களை மேடையைப் பிடிச்சுக்கிட்டு முன்கால்ல எழும்பி நில்லுங்க, மெதுவா இறங்குங்க. 10 முதல் 15 தடவை. இறங்கறதை ரொம்ப மெதுவாச் செய்யறதுதான் நாணுக்கு நல்ல வேலை.
• தோளுக்கு, சுவரைப் பார்த்து நின்னு விரல்களை எறும்பு ஏறற மாதிரி மேல ஏத்துங்க.

வாரத்துல மூணு நாள், குறைஞ்சது 12 வாரம். செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்ல. மறுநாளும் வலி கூடியிருந்தா அளவைக் குறைங்க. இதய நோய், சமீபத்தில் ஆபரேஷன், அடிக்கடி தலைசுத்தல் உள்ளவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. நடமாட முடியாதவங்களுக்கு 2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். காசு கிடையாது.

17/
கிழிசல்னாலே பயப்பட வேண்டாம்னு சொன்னேன். எதுக்கு உடனே வரணும்னும் சொல்லணும்.

• பின்னால இருந்து யாரோ கல்லால அடிச்ச மாதிரி கெண்டைக்காலிலோ குதிகாலிலோ "டப்"புனு ஒரு அடி, அதுக்கப்புறம் முன்கால்ல எழும்ப முடியல. அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்க வெச்சுக் கெண்டைக்காலை அமுக்கினா பாதம் அசையணும். அசையலேன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.
• விழுந்த பிறகோ வெயிட் தூக்கின பிறகோ, நேத்து வரை தூக்கின கையைத் திடீர்னு தூக்கவே முடியல.
• வலியோட காய்ச்சல், சிவப்பு, வீக்கம்.
• கை கால் மரத்துப்போய் பலம் குறையுது.

இதெல்லாம் நாள் கணக்கில் காத்திருக்கிற விஷயம் இல்ல. உளுக்குன்னு நினைச்சு எண்ணெய் போட்டுத் தடவிக்கிட்டு வாரக்கணக்கில் இருந்துட்டா, அறுந்த நுனிகள் விலகிப்போய் வைத்தியம் கடினமாயிடும். நம்ம மண்ணு வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மண்ணு. எண்ணெய்த் தடவல்ல சுகம் கிடைக்கும்னா நான் தடுக்கறதில்ல. நாண் முழுசா அறுந்திருக்கான்னு முதல்ல பார்த்துடுவோம், அவ்வளவுதான்.

18/
மருந்துகளைப் பத்தி மூணே மூணு.

ஒண்ணு: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் அரிதா தசைநாணைப் பாதிச்சு அறுக்கவும் செய்யும். 60 வயசு தாண்டினவங்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கும் ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கட்டம் கட்டி எச்சரிச்சுது. டாக்டர் எழுதினா சாப்பிடுங்க, குதிகால் வலிச்சா உடனே சொல்லுங்க. நீங்களா கடையில வாங்கிச் சாப்பிடாதீங்க.

ரெண்டு: மெடிக்கல் ஷாப்ல கவர்ல போட்டுத் தர்ற "செட் மாத்திரை". அதுல சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாயமா மறையறது அதனாலதான்.

மூணு: மூட்டுப் பக்கத்துல போடற ஸ்டீராய்டு ஊசி. சரியான ஆளுக்கு, சரியான இடத்தில் போட்டா உதவும். திரும்பத் திரும்பப் போட்டா நாண் பலவீனமாகும். "போன தடவை போட்ட ஊசியையே போடுங்க"ன்னு கேக்காதீங்க.

19/
கடைசியா, ஸ்கேன் ரிப்போர்ட் கையில இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது மூணு கேள்வி.

என் வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் இது இருக்குமா?
என் வலி இருக்கிற இடமும் ரிப்போர்ட் சொல்ற இடமும் ஒண்ணுதானா?
இதனால என் வைத்தியம் மாறுமா?

அறுவை சிகிச்சை தேவைப்படறவங்க இருக்காங்க. திடீர்னு அடிபட்டு முழுசா அறுந்தவங்க, வயசு குறைஞ்சவங்க, மாசக்கணக்கில் பயிற்சி செஞ்சும் முன்னேறாதவங்க. அவங்களை எலும்பு மருத்துவரிடம் நாங்களே அனுப்புவோம். மத்தவங்களுக்கு அந்தப் பேப்பர் ஒரு வயசுச் சான்றிதழ் மாதிரிதான். அதை மடிச்சு பீரோவில வெச்சுட்டு, நாளைக்குக் காலையில அடுக்களை மேடையைப் பிடிச்சுக்கிட்டுப் பத்துத் தடவை எழும்பி இறங்குங்க.

வீட்டுல கையைத் தொட்டில் கட்டிக்கிட்டு யாராவது உட்கார்ந்திருந்தா, இந்தப் பதிவை அவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.